குட்டைக் கைத் தராசு

அன்று கோயிலுக்கு வந்திருந்தவர்கள்: அக்கா, மச்சான், அவர்களுடைய இரண்டு வயது மகள், கோயில் தலைவர், பூசாரி, நான். வராதவர்கள்: அம்மா, அப்பா, தராசை வெட்டி ஒட்டிக் கொடுத்த வெல்டிங்காரர். அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். தொலைபேசியில் பார்க்கிறேன் என்றிருந்தார், எங்கள் மலையில் சிக்னல் இருந்தால்தானே. அப்பாவுக்கு வேலை இருந்தது. "படிச்சவன் போறான்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவன் நான் ஒருவன்தான். ஆகவே கல்யாணம், சாவு, காணிப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் அப்பா தனக்குப் பதிலாக என்னை அனுப்புவார். அம்மன் வந்திருந்தாளா என்பதில் மச்சானுக்கும் தலைவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

விஷயம் ஒரு நேர்த்திக்கடன். அதற்கு முந்தைய வருடம் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. டவுன் ஆசுபத்திரி வாங்கில் உட்கார்ந்து அக்கா வேண்டிக்கொண்டாள்: "புள்ள எழும்பி வந்தா அவ பாரத்துக்கு மிளகு போடுறேன் தாயே. அதுவரைக்கும் நான் மிளகத் தொடமாட்டேன்." பாப்பா எழும்பி வந்தாள். அந்த வருடம் மழை பிந்தியதால் மிளகு வரவில்லை. அம்மா வெளிநாட்டில் இருப்பதால் அப்பாவுக்கும் எனக்கும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அக்கா மிளகைத் தொடமாட்டாள் என்றால் சமையலிலும் தொடமாட்டாள். வாசலில் நாலு பக்கமும் மிளகுக் கொடி ஏறி நிற்க, நாங்கள் ஒரு வருடத்துக்கு மேலாகப் புளித்தண்ணியை ரசம் என்று சொல்லிக் குடித்தோம்.

ஒரு மிளகு மணி குறைந்தாலும் நேர்த்தி சேராது, வலிப்புத் திரும்பி வரும் என்பது அக்காவின் பயம். இரவில் எழுந்து பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு மணி கூடினாலும் நட்டம் என்பது மச்சானின் பயம். அவர் இரத்தோட்டைச் சந்தையில் மிளகு விற்பவர். இரண்டு பயங்களும் ஒரே வீட்டில் இருந்தன.

இனித் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்து உத்தரத்தில் தொங்கும் பெரிய இரும்புத் தராசு அது. தண்டின் இரண்டு முனையிலும் சங்கிலியில் பலகைகள். எப்போதோ ஒரு தேர்தல் காலத்தில், வாக்குக் கேட்டு வந்த ஒருவரை எடைக்கு எடை தேங்காய் கொடுத்துக் கௌரவிப்பதாக உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் நல்ல உடம்புக்காரர். எட்டடித் தண்டின் ஒரு முனை கவிழ்ந்து வளைந்துவிட்டது. வெல்டிங்காரர் வந்து பார்த்து, வளைந்த ஓர் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியில் கொக்கியை ஒட்டிக் கொடுத்தார். ஆக ஒரு கை நாலடி, மறு கை மூன்றடி. சும்மா இருக்கும்போது சமமாக நிற்கட்டும் என்று குட்டைக் கையில் ஒரு கல்லைக் கட்டினார்கள். வெறும் தராசு மட்டமாகத்தான் நிற்கும். பார்ப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கோணல் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. பிள்ளையை நெட்டைக் கையில் ஒருமுறை, குட்டைக் கையில் ஒருமுறை இருத்தி நிறுப்பார்கள். இரண்டு குவியலையும் கூட்டிப் பாதியைக் காணிக்கையாகப் போடுவார்கள். "ஒருவாட்டி கூடும், ஒருவாட்டி குறையும், பாதியில நியாயம் வந்துரும்" என்பது தலைவரின் விளக்கம். இதை மறுத்து ஒருவரும் பேசியதில்லை. நானும் பேசியிருக்க மாட்டேன், பாப்பா அன்று றோட்டடிக் கடையின் மின் தராசில் ஏறாமல் இருந்திருந்தால்.

முதலில் நெட்டைக் கைப் பலகையில் பாப்பாவை ஒரு பிஸ்கட்டோடு இருத்தினோம். மறுபக்கம் மச்சான் மிளகைக் கொட்டிக்கொண்டே போனார். கொட்டக் கொட்ட அவர் முகம் சுருங்கியது. பிறகு பக்கம் மாற்றினோம். இம்முறை கொஞ்ச மிளகிலேயே பாப்பா மேலே போய்விட்டாள். மச்சானுக்கு உயிர் வந்தது. இரண்டு குவியலையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, நிறுத்துப் பாதி பார்க்க றோட்டடி முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் கொண்டுபோனோம். பெரிய சாக்கை மச்சான் சுமந்தார். "படிச்சவனுக்குச் சின்னது" என்று மற்றதை என் தோளில் வைத்தார்.

நானாவின் மின் தராசில் பெரிய சாக்கு பதினாறு கிலோ காட்டியது. சின்னது ஒன்பது. இரண்டும் இருபத்தைந்து, பாதி பன்னிரண்டரை. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா அவள் இடுப்பிலிருந்து வழுகி இறங்கி, மின் தராசின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு எழுத்தில் பன்னிரண்டு என்று வந்தது.

"பன்னெண்டு" என்றார் மச்சான்.

"பன்னெண்டுதான்" என்றார் நானா. "தம்பி, இந்த மெசின் பொய் சொல்லாது."

"அப்ப அரைக் கிலோ எங்க போச்சு?" மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ படிச்சவன். சொல்லு. எங்க போச்சு அரைக் கிலோ?"

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இணைந்த கணிதம் படித்தவனைப் பார்த்து ஊரில் கேட்பதெல்லாம் "கரண்ட் பில்லு சரியான்னு பாரு", "இந்த லொத்தர்ல எத்தன இலக்கம் வந்திருக்கு" என்பவைதான். அப்போது நான் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தேன். உயர்தர மாணவிகள் இருவருக்குப் பின்னேரங்களில் சமனிலிகள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னிடம் கேட்டதும் ஒரே கேள்வி: "சேர், இது எதுக்கு?" அந்தக் கேள்விக்கு விடை கைவசம் இல்லாமல் இருந்தேன். விடை இப்போது நானா கடை மெசினில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பதினாறையும் ஒன்பதையும் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு. அதன் வர்க்கமூலம் பன்னிரண்டு. பரீட்சை வினாத்தாளில்கூட இவ்வளவு துப்புரவாக வராது. நெட்டைக் கையில் எத்தனை மடங்கு கூடுகிறதோ குட்டைக் கையில் அதே மடங்கு குறையும், பெருக்கினால் கோணல் கழிந்துவிடும். பிள்ளையின் உண்மையான எடை இரண்டு குவியல்களின் பெருக்கலிடை, அதாவது பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. கோயில் எடுப்பது கூட்டிப் பாதியாக்கும் கூட்டலிடை. கூட்டலிடை ஒருபோதும் பெருக்கலிடையை விடக் குறையாது. உலகத்தில் எந்த நேர் எண்கள் இரண்டை எடுத்தாலும் சரி. நான் கூச்சலே போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். நானா ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார்.

திரும்பிக் கோயிலுக்கு வந்து எல்லோருக்கும் நிறுவினேன். நிறுவல் மிகச் சின்னது. a, b என்று இரண்டு நேர் எண்கள். அவற்றின் வர்க்கமூலங்களைக் கழித்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் பூச்சியத்துக்குக் கீழே போகாது:

(√a − √b)² ≥ 0

விரித்தால் a + b − 2√(ab) ≥ 0. ஆகவே (a + b)/2 ≥ √(ab). அவ்வளவுதான். இதைச் செங்கல் துண்டால் மண்டபத்துச் சீமெந்தில் எழுதினேன்.

"அது எப்படி கீழ போகாது?" என்றார் தலைவர். "சைபருக்குக் கீழ உள்ளதப் பெருக்குனா?"

"மறை எண்ண மறை எண்ணால பெருக்குனாலும் மேலதாங்க வரும், தலைவரே."

"கீழ உள்ளதும் கீழ உள்ளதும் சேந்து மேல வருமா? அப்ப கடனக் கடனால பெருக்குனா வரவா?" அவர் பூசாரியைப் பார்த்தார். "கேட்டீங்களா சாமி? இந்தக் கணக்குப்படி நம்ம தோட்டத்துல பூரா கோடீஸ்வரன்தான்."

சரி, இலக்கங்கள் வேண்டாம், கண்ணால் காட்டுகிறேன் என்று முற்றத்து மணலுக்கு இறங்கினேன். பதினாறு சாணும் ஒன்பது சாணும் சேர்த்து நேராக ஒரு கயிறு போட்டேன். அதன் நடுவில் குச்சி நட்டு, அந்தக் கயிற்றையே விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் கீறினேன். பூசாரி கோலப்பொடி தந்தார். பதினாறும் ஒன்பதும் சேரும் இடத்திலிருந்து அரைவட்டத்தைத் தொடும்வரை நேராக ஒரு கோடு எழுப்பினேன். சாண் போட்டு அளந்தால் பன்னிரண்டு. நடுக் குச்சியிலிருந்து எழுப்பினால் பன்னிரண்டரை. நடுவில் நிற்பதுதான் எப்போதும் உயரம். பக்கத்தில் நிற்பது அதற்கு மேலே போக முடியாது, ஏனென்றால் வட்டம் வளைந்து கீழே வருகிறது.

தலைவர் வட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை நான் அந்தப் பக்கம் போனபோது பன்னிரண்டு சாண் கோட்டின் அடியில் யாரோ எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு வட்டமும் தேவைப்படவில்லை, வர்க்கமும் தேவைப்படவில்லை. அவள் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பி, குறையாதுன்னு அடிச்சுச் சொல்லுவியா?"

"குறையவே குறையாதுக்கா. தராசு எவ்வளவு கோணலா இருந்தாலும் குறையாது."

அவள் அழுதாள். ஒரு வருடமாக யாரும் அவளுக்கு அப்படி ஓர் உறுதி சொன்னதில்லை. டாக்டர்கூட "பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருந்தார். கணிதத்தில் "பார்ப்போம்" கிடையாது. நிறுவினால் நிறுவியதுதான். "அப்ப போடுங்க" என்றாள் மச்சானிடம், "பன்னெண்டரையும் போடுங்க."

"இரு இரு" என்றார் மச்சான். "மாப்ள, எப்பப் பாத்தாலும் கூடத்தானா? சமமா வரவே வராதா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சமனிலியை நிறுவும் மாணவர்கள் கடைசி வரியை எழுத மறந்துவிடுவார்கள்: சமன் எப்போது வரும் என்ற வரி. அதற்குத் தனிப் புள்ளி உண்டு. என் இரண்டு மாணவிகளும் அந்தப் புள்ளியைத் தவறாமல் விடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற மச்சான் விடவில்லை.

"வரும் மச்சான். ரெண்டு குவியலும் ஒண்ணா இருந்தா மட்டும். அதாவது ரெண்டு கையும் ஒரே நீளமா இருந்தா."

மச்சான் தராசின் குட்டைக் கையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஒரு வாக்குவாதம் நடந்தது. கடை மெசின் காட்டிய பன்னிரண்டையே போட்டுவிடுவோம் என்றார் மச்சான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மன் தூக்கிப் பாத்த பாரம்தான் பாரம். நானா கடையில தூக்குனது நானாவுக்கு." அப்படியானால் கோயில் தராசின் இரண்டு குவியலுக்கும் வர்க்கமூலம் எடுப்போம், அதுவும் அம்மன் தூக்கியதுதானே என்றேன் நான். தலைவர் கையை உயர்த்தினார். "தம்பி, இங்க கூட்டுறதும் பாதியாக்குறதும்தான் வழக்கம். வர்க்கமூலம் எடுக்குற வழக்கம் இந்தக் கோயில்ல இல்ல." பூசாரி கடைசியாகச் சொன்னதுதான் அன்றைய தீர்ப்பு: "சந்தேகத்தோட போட்டா காணிக்கை சேராதும்மா. புருசனும் பொஞ்சாதியும் ஒரு பாரத்துக்கு வாங்க. அப்புறம் போடலாம்."

இரண்டு சாக்கும் வீட்டுக்குத் திரும்பின. அன்றிரவும் ரசத்தில் மிளகில்லை.

நான் நிறுவியது மலையில் ஓடித் திரிந்தது. யாரிடம் போனாலும் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அம்மன் எல்லாருகிட்டயும் கூட வாங்கியிருக்காளாம், படிச்ச பொடியன் கண்டுபிடிச்சிருக்கான்" என்று கேட்டு, முன்பு தேங்காய்க்கு நேர்ந்துகொண்ட ஒருவர் மீதித் தேங்காய் எங்கே என்று கோயிலுக்கே வந்துவிட்டார். "சட்னியாப் போச்சு" என்றார் தலைவர். அம்மனிடம் திரும்பக் கேட்க முடியாது என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, தலைவர் என்னை மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, ஒரு கேள்வி. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தா என்ன வரும்?"

"எந்தப் பக்கம் தலைவரே?"

"குட்டைக் கையில புள்ள. அன்னிக்கு மழை. மத்தப் பக்கம் மாத்தல."

நாலடிக்கு மூன்றடி. குவியல் பிள்ளையின் எடையில் முக்கால் பங்குதான் வரும். கணக்கில் வந்ததை மறைக்க எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

"கால் பங்கு குறைவா?"

"ஆமாங்க. யாரு புள்ள?"

"எம் மகன்தான். அரிசி போட்டோம். இப்ப அவனுக்கு எண்பது கிலோ." அவர் பூசாரியைத் தேடினார். "சாமி! குறைஞ்சத இப்ப உள்ள பாரத்துக்குப் போடணுமா, அப்ப இருந்த பாரத்துக்கா?"

"அப்ப இருந்ததுக்குப் போதும்" என்றது மூலஸ்தானத்திலிருந்து குரல்.

அதற்குப் பிறகு தராசு பிழை என்று சொல்வதில் தலைவருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. புதுத் தண்டு போடலாம், ஆனால் கேட்டவர் செலவு செய்ய வேண்டும் என்றார். மச்சான் உடனே சம்மதித்தார். "அரைக் கிலோ சும்மா போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது மாப்ள. இன்னிக்கு இந்தப் புள்ள. நாளைக்கு இன்னொன்னு பொறந்தா?" அவர் சொன்னதில் தர்க்கப் பிழை இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. சமன் வருவதற்கு வேண்டிய நிபந்தனையை ஒருவர் தன் கைக்காசில் நிறைவேற்றப் போகிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அலுவிகாரைப் பக்கம் பெரிய றோட்டில் ஓர் இரும்பு வேலைக்காரர் கிடைத்தார். நாலடியும் நாலடியும் மயிரிழை பிசகாமல் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். மயிரிழை பிசகினாலும் கூட்டலிடை மிஞ்சும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த கிழமை வாருங்கள் என்றார். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் அளவு நாடாவோடு பஸ் ஏறிப் போய் வந்தேன். மாணவிகள் இருவரையும்கூட ஒருநாள் கூட்டிப்போனேன். ஒருத்தி தண்டைப் பார்த்து "சேர், கை ரெண்டும் சமமா இருந்தா அப்புறம் சமனிலியே தேவையில்லையே" என்றாள். நல்ல கேள்வி என்று சொல்லி வைத்தேன்.

மாதங்கள் போயின. அந்த இடைவெளியில் வீட்டில் ஒரு போர் நடந்தது. அம்மன் முன் பிள்ளை நிறைவாக உட்கார வேண்டும் என்று அக்கா பாப்பாவுக்கு முட்டை, நெய், பலாக்கொட்டை என்று ஊட்டத் தொடங்கினாள். மச்சான் ஒவ்வொரு கவளத்தையும் மிளகு விலையில் பார்த்தார்.

"போதும், புள்ளைக்கு வயிறு நெறஞ்சிருச்சு."

"அவளே வாயத் தொறக்குறா. ஒங்களுக்கு என்ன?"

"அது கொட்டாவி விடுதுடி!"

பாப்பாவுக்கு இந்தப் போரில் பக்கம் இல்லை. அவள் அம்மா ஊட்டுவதைத் தின்றுவிட்டு அப்பாவின் தட்டிலும் கைவைத்தாள்.

ஒருவழியாகத் தண்டு வந்தது. எட்டடி இரும்பு பஸ்ஸில் ஏறாது, சின்ன லொறி பிடிக்க வேண்டியிருந்தது. புது இரும்புக்குத் தீட்டுக் கழிக்கும் சுத்தி பூசை இல்லாமல் அம்மன் தொடமாட்டாள் என்றார் பூசாரி, அதுவும் நடந்தது. குட்டைக் கையில் கட்டியிருந்த பழைய கல்லை அவிழ்த்தபோது அதற்கும் ஒருவர் பூப் போட்டார்.

மறுபடி பாப்பாவைப் பலகையில் இருத்தினோம். இடப்பக்கம் ஒரு குவியல், வலப்பக்கம் ஒரு குவியல். இம்முறை தலைவர், பூசாரி எல்லோருமே நானா கடைக்கு இறங்கி வந்தார்கள். முதல் சாக்கு பன்னிரண்டு கிலோ எழுநூறு கிராம். இரண்டாவது சாக்கு பன்னிரண்டு கிலோ எழுநூறு கிராம். கூட்டினாலும் பெருக்கினாலும் நடு ஒன்றுதான். புத்தகத்தில் கடைசி வரியாக மட்டும் இருந்த சமன் குறியை இரண்டு சாக்காகப் பக்கத்தில் பக்கத்தில் கண்டேன். எனக்குக் கண் கலங்கியது. மச்சானுக்கும் கலங்கியது.

"பன்னெண்டரையா இருந்துச்சு மாப்ள" என்றார். "அன்னிக்கே போட்டிருந்தா பன்னெண்டரை."

அக்கா எங்களுக்கு முன்னால் கோயிலுக்கு ஏறினாள். குறையவில்லை, கூடவில்லை, இரண்டு பேரும் ஒரே பாரத்துக்கு வந்துவிட்டோம் என்று பூசாரியிடம் சொல்லி, மிளகை அவளே இரண்டு கையாலும் அள்ளி அம்மன் காலடியில் கொட்டினாள். தலைவர் யாரும் பார்க்காதபடி தன் கால் பங்கு அரிசியை அந்தக் குவியலுக்குப் பின்னால் வைத்தார். எல்லோரும் பார்த்தோம்.

அன்றிரவு அக்கா ரசம் வைத்தாள். அம்மியில் மிளகு நொறுங்கும் சத்தம் கேட்டு அப்பா வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். நான்கு பேரும் மூக்கில் நீர் வடிய வடியக் குடித்தோம். பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள். அக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"எவ்வளவு ஆச்சுங்க எல்லாம் சேத்து?" என்று கேட்டாள் மச்சானிடம், இரண்டாவது கரண்டியை ஊற்றிக்கொண்டே.

மச்சான் விரலை மடக்கினார். தண்டுக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. லொறிக்கு மூவாயிரத்து எண்ணூறு. சுத்தி பூசைக்கு ஆறாயிரம். பாப்பா தின்று ஏற்றிய எழுநூறு கிராம் மிளகுக்கு ஆயிரத்து நானூறு. ஆயிரம் ரூபாய் பெறுமதியான அந்த அரைக் கிலோவைக் காப்பாற்ற மொத்தம் இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.